கோட்டைக்குள் ஒரு தெரு

“அடிதடி உள்ள கதையாவே ஏன்டி தேடித் தேடிப் படிக்கிற?” என்று பெரியக்கா ஒருநாள் அவளிடம் கேட்டாள்.

“நம்ம மேல விழாத அடிதானேக்கா, கேக்க நல்லாத்தானே இருக்கு” என்றாள் அவள். சலவைக்கூடத்தின் இஸ்திரி அறையே சிரித்தது.

அன்றிலிருந்து ராஜா, ராணி, போர் என்று ஒரு பழைய காவியம்தான். சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரம் அவள் நடுவில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். அவள் பங்குத் துணியை மற்றவர்கள் பிரித்துக்கொண்டு தேய்த்துவிடுவார்கள்.

ஒரு கட்டம் முடிந்ததும் எல்லோரும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தீர்ப்பு சொல்ல வேண்டும். பேச்சு ருசியில், வாயாடி என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் யாருடைய கல்யாணச் சட்டையையோ கருக்கியதிலிருந்து அப்படியொரு வழக்கம். சொன்ன தீர்ப்பை மாற்றக் கூடாது. அடுத்த பக்கத்தில் என்ன வந்தாலும் சரி.

தீர்ப்பு சொல்வதில் படிக்கிறவளின் கணவனை மிஞ்ச ஆளில்லை. சலவைக்கூடத்து வேன் டிரைவர் அவன். மூட்டை ஏற்ற வந்தவன் கதை கேட்டுப் பழகி, இப்போது அந்த மூட்டைகள் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறான். போன வாரம், போரில் அடிபட்டுச் செத்த குதிரைக்காகக் கண் கலங்கினான்.

“இப்படி மனசு உள்ள ஆள் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்” என்றாள் வாயாடி. “எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, நான் செத்து விழுந்தாலும் டிவியில இருந்து கண்ணை எடுக்காது.”

படிக்கிறவள் புத்தகத்தைப் பிரித்தாள். இன்றைக்கு ராணியின் விஷயத்தில் ஒரு முடிவு தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தாள்.

“ராஜா தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்த சத்தத்திலேயே ராணி முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். முதல் அடி விலாவில் இறங்கியது. அடுத்தது எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.”

“இருடி” என்றாள் வாயாடி. “கோட்டைக்குள்ள ஏது தெரு?”

“பெரிய கோட்டைன்னா உள்ள தெரு இருக்காதா?” என்றான் டிரைவர். “குறுக்க பேசாம கேளு தங்கச்சி. நீ படி.”

“அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு தலையைச் சுவரில் மோதினான். கத்தினால் இன்னும் விழும் என்று அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். பல்லில் நூல் அறுபட்டது. கை ஓய்ந்ததும் அவன் படுத்துத் தூங்கிவிட்டான். தூக்கத்தில் அவன் கை அவள் மேல் விழுந்தது. அதை எடுத்து வைக்கப் பயந்து அவள் மூச்சை அடக்கிக் கிடந்தாள். விடிவதற்குள் எழுந்து, சுவரில் இருந்த தன் ரத்தத்தைத் தானே துடைத்தாள்.”

அவள் நிறுத்தினாள். ஒவ்வொரு பெட்டியாக நிமிர்ந்து நின்றது. ஆவி அடங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“எனக்கென்னமோ அவ பொறுத்துப் போகணும்னுதான் தோணுது” என்றாள் பெரியக்கா. “போக்கிடம் வேணாமா? ராஜா மேல ராணி பிராது குடுத்தா எவன் நம்புவான்?”

“பொறுத்துப் போய் என்னத்தைக் கண்டா? தூங்குறப்ப தலையில குழவிக்கல்லைத் தூக்கிப் போடணும்” என்றாள் வாயாடி.

“அரண்மனையில குழவிக்கல்லுக்கு எங்கடி போவா?”

“தெருவே இருக்கு, குழவிக்கல் இருக்காதா?” என்றாள் வாயாடி. கொஞ்சம் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் நின்றது.

படிக்கிறவள் சிரிக்கவில்லை. “நீங்க சொல்லுங்க” என்றாள் கணவனிடம்.

டிரைவர் டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

“எந்தக் கை நீண்டுச்சோ அந்தக் கையை மணிக்கட்டோட எடுக்கணும். எடுத்து அவன் கண்ணு முன்னாடியே நாய்க்குப் போடணும். பொம்பளை மேல கை வைக்கிறவன் எல்லாம் ஒரு ஆளா?”

“அது அவனுக்கு” என்றாள் அவள். “ராணிக்கு?”

“ராணி அந்த வாசப்படியை இனிமே மிதிக்கக் கூடாது. எவனும் நம்ப மாட்டான்னு பெரியக்கா சொல்றாங்க. நான் நம்புறேன். அவன் கூப்பிட வந்தா, அங்க இருக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் மறிச்சு நிக்கணும். இதான் என் தீர்ப்பு.”

பெரியக்கா சற்று யோசித்தாள். “தம்பி சொல்றதுதான் சரி. நானும் அந்தப் பக்கமே வந்துடறேன்.” மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

“மாத்த மாட்டீங்களே?” என்றாள் அவள்.

“என்னைக்கு மாத்தியிருக்கேன்? பக்கத்தைத் திருப்பு.”

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“திருப்ப ஒண்ணுமில்லீங்க. புத்தகத்துல ராஜா இன்னும் போர்க்களத்துலதான் இருக்கார். நான் இன்னைக்கு வீட்டுக்கு வரலை.”

டிரைவர் எழுந்த வேகத்தில் டம்ளர் உருண்டது. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. பெரியக்கா நிமிர்த்தி வைத்த பெட்டியைக் கையில் எடுத்தாள். பிறகு வாயாடி, பிறகு ஒவ்வொருவராக. யாரும் அதைத் துணி மேல் வைக்கவில்லை.

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு கையை இறக்கிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே போனான்.