மே மாதத் தண்ணீர்

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. மே மாசம் நீங்க கடலுக்குப் போனீங்களா, இல்லையா?"

கீர்த்திகா வலைக்குவியலுக்கு எதிரே நின்றபடியே கேட்டாள். பூமிநாதன் வலைபின்னும் ஊசியை நிறுத்தவில்லை. கருக்களாச்சேரி மீனவக் கிராமத்தில் அவரை இவ்வளவு மரியாதையாக யாரும் சந்தேகப்பட்டதில்லை.

"போனேனேம்மா."

அவள் ஆராய்ச்சி மாணவி. கரையிலிருந்து முப்பது மைலுக்கு அப்பால், சத்தே இல்லாத நீலத் தண்ணீரில் வாழும் பாக்டீரியாக்கள் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகின்றன என்பதுதான் அவளுடைய நான்கு வருடப் படிப்பு. படகைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். அதனால் அங்கே போய் மாதம் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு தரும் பொறுப்பைப் பூமிநாதன் ஏற்றிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் நான்கு வருடமும் வீண்.

"பதினோரு பாட்டிலும் அருமையா இருக்குண்ணே. கார்த்திகை மழையில பாக்டீரியா எக்கச்சக்கமா ஏறுது, மாசியில எறங்குது. சத்தில்லாத கடல்ல இவ்வளவு உயிரான்னு எங்க புரொபசரே அசந்துட்டார். மே மாசம் மட்டும் கணக்கு ஒதைக்குது. பாட்டில்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

"ஒண்ணுமே இல்லாத எடம்னுதானே நீ சொன்ன?"

"அதுக்குன்னு இப்படியா?"

கைப்பேசியில் இருந்த படங்களை அவரிடம் நீட்டினாள்.

"பதினோரு லேபிளும் முத்து முத்தா எழுதியிருக்கு. மே மாசத்து லேபிள் மட்டும் நனைஞ்சு, அழிஞ்சு கெடக்கு. அப்ப மீன்பிடித் தடைக்காலம். உங்க விசைப்படகு கரையில கட்டிக் கெடந்துச்சு. பக்கத்துலயே எங்கயோ மொண்டு குடுத்துட்டீங்க, அதானே? நான் கோவிச்சுக்க மாட்டேன். ஒத்துக்கிட்டீங்கன்னா அந்த ஒரு மாசத்தைத் தூக்கிட்டு மீதியைக் குடுத்துடுவேன்."

மீன் ஆய்ந்துகொண்டிருந்த அஞ்சுகம் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

"சொல்லிடுங்க. படிக்கிற புள்ள."

பூமிநாதன் ஊசியைக் கீழே வைத்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"தடைக்காலத்துல கையில வேலை இல்லம்மா. சும்மாதானே கெடக்கோம்னு, தடை இல்லாத சின்ன ஃபைபர் போட்டை மச்சான்கிட்ட வாங்கிக்கிட்டு, நீ சொன்ன எடத்துக்கே போயி மொண்டுட்டு வந்தேன். அலை அடிச்சதுல பேப்பரு நனைஞ்சு போச்சு."

கீர்த்திகா அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

"அப்புறம் ஏண்ணே அது மத்த பதினொண்ணு மாதிரி இல்ல?"

"மீனே இல்லாத எடத்துக்கு, தொழில் நடக்குற மாசத்துல எந்தப் போட்டும்மா போவும்?" என்றார் பூமிநாதன். "மத்த பதினொண்ணும் அஞ்சுகந்தான் அரசலாத்து மொகத்துவாரத்துல மொண்டா. எழுத்தும் அவ எழுத்துதான்."