பதினெட்டாவது இருக்கை

பணிப்பெண்ணான அவள் விமானத்துக்குள் ஏறியபோது, துப்புரவு வேலை பார்க்கும் பேச்சித்தாய் பூக்களுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு இருக்கை. பதினெட்டு அட்டைப் பெட்டி. அத்தனையும் ஆர்க்கிட்.

நாளை தூத்துக்குடியில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். பூவுக்கென்றே சென்னையிலிருந்து ஒரு தனி விமானம்.

பேச்சித்தாயின் கையிலிருந்து கொக்கி இரண்டு முறை நழுவியது.

"என்னாச்சுக்கா?"

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு நெஞ்சுவலி மேடம். தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில வச்சிருக்காக. வர வேண்டியவங்கள வரச் சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.

பணிப்பெண் உடனே மேனேஜர் ஸ்ரீவத்சனுக்கு போன் போட்டாள். அவர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"பஸ்ல போகச் சொல்லும்மா. பார்ட்டி முழு ஃபிளைட்டையும் எடுத்திருக்காங்க. பூவைத் தவிர எதுவும் ஏறக் கூடாது."

பஸ். பன்னிரண்டு மணி நேரம். இப்போதே காலை பத்தரை.

முகூர்த்தக் கூட்டம். மற்ற விமானங்களில் ஓரிடம்கூட இல்லை. அதையும் அவள் பார்த்துவிட்டாள்.

இந்த விமானம் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். பூவோடு.



இதே விமானம்தான். 'மைனா ஏர்' என்று பெயர் வைத்து, பஸ் காசில் பறக்கலாம் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டி, எழுபத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போன விமானம். மஞ்சள் பையோடு ஏறினார்கள். கருவாட்டு மூட்டையோடு ஏறப் பார்த்தார்கள். ஒருவர் அவளைக் கூப்பிட்டு, கோவில்பட்டி வந்தால் எழுப்பிவிடச் சொல்லிவிட்டுத் தூங்கினார்.

மேலே எழும்பியதும் அவள் மைக்கில் கேட்பாள். இன்னைக்கு முதல் தடவை பறக்கிறவங்க கையைத் தூக்குங்க.

தயங்கித் தயங்கிக் கைகள் உயரும். விமானமே கை தட்டும்.

முதலாளியின் யோசனை அது. டிவியில் அதைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஆள் கண் கலங்குவார்.

பிறகு கொரோனா வந்தது. விமானம் நின்றது. அவர் கண்ணீரும் நின்றது. எழுபத்திரண்டு இருக்கையையும் பிடுங்கி எடைக்குப் போட்டுவிட்டு, பதினெட்டுத் தோல் இருக்கை வாங்கிப் போட்டார். மைனா ஏர், 'மைனா பிரைவேட் சார்ட்டர்' ஆயிற்று. ஏழைகளை வைத்து விமானம் ஓட்ட முடியாது என்று அதே டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கை தட்டக் கூடாது என்றும் உத்தரவு. பெரிய மனிதர்களுக்குச் சத்தம் ஆகாதாம்.

பேச்சித்தாய் மட்டும் மாறவில்லை. எழுபத்திரண்டைத் துடைத்த கை பதினெட்டைத் துடைத்தது. துடைத்து முடித்தால் பெல்ட்டைக் குறுக்கே மாட்டி வைப்பாள். சுத்தமாகிவிட்டது, இனி யாரும் தொடக் கூடாது என்று அடையாளம்.

பதினோரு வருஷம். ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. கம்பெனி ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒரு இலவச டிக்கெட் உண்டு. பேச்சித்தாய் கான்ட்ராக்ட்.

கடைசிப் பெட்டிக்கும் பெல்ட் மாட்டியாயிற்று. பேச்சித்தாய் வாளியை எடுத்துக்கொண்டாள்.

"நல்லா இறுக்கிட்டேன் மேடம். பூ அசையாது."

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

பதினெட்டாவது பெட்டியின் பெல்ட்டை வெடுக்கென்று கழற்றினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். சிமெண்டுத் தரையில், சுள்ளென்று அடிக்கிற வெயிலில் வைத்தாள்.

திரும்பி ஏறிப் பணியாளர் பட்டியலை எடுத்தாள். பயணிகள் ஏறாத விமானத்துக்குப் பணிப்பெண் தேவையில்லை. தன் பெயரை அடித்தாள். அதன்மேல் பேச்சித்தாய் என்று எழுதினாள். கோபத்தில் எழுத்து கோணிக்கொண்டு போனது.

மைனாவின் முதல் விமானத்தை ஓட்டிய கேப்டன் வர்கீஸ்தான் இன்றும். காக்பிட் கதவு திறந்தே இருந்தது. எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். பட்டியலை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"புது ஆளா?"

"பதினோரு வருஷ சர்வீஸ், சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். கையெழுத்துப் போட்டார்.

பேச்சித்தாய் உட்கார மாட்டேன் என்றாள்.

"வேண்டாம் மேடம். தொடச்ச சீட்டு."

அவள் வாளியைப் பிடுங்கினாள். தோளைப் பிடித்து அழுத்தி ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பெல்ட்டை மாட்டி இறுக்கினாள். இறங்கிவிட்டாள்.

விமானம் நகர்ந்தது. திரும்பியது. ஓடியது.

தூரத்திலிருந்து மேனேஜரின் ஜீப் பறந்து வந்தது.

சக்கரம் தரையை விட்டதும் அவள் கை தட்டினாள். தனியாக, வெயிலில், ஒரு வாளிக்கும் வாடத் தொடங்கிய ஒரு பெட்டிப் பூவுக்கும் நடுவில் நின்று, உள்ளங்கை எரிய எரியத் தட்டினாள்.

"யாரைக் கேட்டும்மா பெட்டியை இறக்கினே?" ஜீப் நிற்பதற்குள் ஸ்ரீவத்சன் கத்தினார். "இன்னையோட உனக்கு வேலை கிடையாது, தெரியுமா?"

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தூத்துக்குடியில் ஏதோ ஒரு கட்டிலில் கிடக்கிற, முகம் தெரியாத மனிதரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒன்றரை மணி நேரம்தான். உசுரோட இருந்து தொலைங்க."