இலவச ஆப்

ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டு மேசையில் என் கணவர் சபாரத்தினம் தீர்ப்புச் சொன்னார். வீட்டுச் செலவைக் கவனிக்க இலவச ஆப்தான்.

“காசு மிச்சம் பிடிக்கிறதுக்கு வருசம் எழுபது டொலர் குடுக்கிறதோ? விசர்க் கதை.”

இவர் லீட்டருக்கு நாலு சதம் குறைவென்று கிளென் ஈடனிலிருந்து நகரத்தின் மறுகோடியிலுள்ள மவுண்ட் வெல்லிங்டன் வரை போய்ப் பெற்றோல் அடிக்கிறவர். வேறு என்ன சொல்வார்?

எனக்கோ காசு கட்டும் ஆப்தான் வேண்டும். அதில் செலவை நாமே தட்டி எழுதலாம். எழுதாமலும் விடலாம்.

அவருடைய தங்கை சரோஜாதேவி கிளிநொச்சியில் இருக்கிறாள். காணிச் சண்டையில் மூன்று வருடமாக இவருக்கும் அவளுக்கும் பேச்சில்லை. அவள் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அவளுடைய புருசன் கூரையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிறார். சம்பள வியாழக்கிழமைகளில் நான் இவருக்குத் தெரியாமல் அவளுக்கு ஐம்பது டொலர் அனுப்புகிறேன். “அண்ணாவுக்கு மட்டும் தெரியவேண்டாம் மச்சாள்” என்று ஒவ்வொரு தடவையும் போனில் அழுவாள்.

இந்தப் பக்கம் வீடு வாங்கச் சேர்க்கிற டெபாசிட் ஏறவே மாட்டேன் என்கிறது. ஓட்டை எங்கே என்று பிடிக்கத்தான் இந்த ஆப்.

இறக்கி முடித்ததும், இருவருடைய வங்கிக் கணக்குகளையும் இணைக்கச் சொன்னது. இணைத்தால் செலவெல்லாம் தானாகவே வந்து விழுமாம். விலையை மட்டும் வாசித்த மனுசன் இதை வாசிக்கவில்லை.

தொண்டையைச் செருமினார்.

“பத்மா, காசு கட்டுறதையே எடுப்பம். அதுதான் பாதுகாப்பு.”

எழுபது டொலர்! கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இந்த வாயிலிருந்து வராத வார்த்தை.

எதையோ ஒளிக்கிறார். சூதாட்டமோ, கடனோ, வேறு யாரோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் என் ஐம்பது டொலர் எனக்கே மறந்துபோனது.

என் கணக்கை இணைத்துவிட்டுப் போனை அவர் பக்கம் தள்ளினேன். “இப்ப நீங்கள் போடுங்கோ.”

மறுக்க முடியாமல் அவரும் போட்டார். அதன் பிறகுதான் என் ஐம்பது டொலர் நினைவுக்கு வந்தது.

பட்டியல் வந்தது. வாடகை, கரண்ட், பெற்றோல். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பில் ஒரு கேள்வி.

வியாழக்கிழமை சரோஜாதேவிக்கு ஐம்பது டொலர் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. தவறென்றால் ஒன்றை அழித்துவிடவா?

கீழே இறக்கிப் பார்த்தேன். அதற்கு முந்திய சம்பளத்திலும் இரண்டு முறை. அதற்கு முந்தியதிலும். ஒன்று என் கணக்கிலிருந்து, மற்றது அவருடையதிலிருந்து.

முதலில் சரோஜாதேவி மேல்தான் கோபம் வந்தது. என்ன அழுகை அழுதாள்! பிறகு சிரிப்பு வந்தது. இந்தக் கஞ்சனை எனக்கு இவ்வளவு பிடித்த நாள் வேறில்லை.

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிழையா ரெண்டு தரம் விழுந்திருக்குப் போல.”

“ஓம், விழட்டும்” என்று சொல்லிவிட்டு, ‘அழிக்க வேண்டாம்’ என்பதைத் தொட்டேன்.