பேனா நிற்காத கை

சன்னல் வெயிலில் கணவனின் கை மேசைமேல் காய்ந்த சுள்ளியாகக் கிடக்கிறது. டி.பி. இருக்கிறதா என்று பார்க்க ஊசி போட்ட இடத்தை நோக்கி நர்ஸ் பேனாவை மெல்ல இழுத்துவருகிறாள். தோல் தடித்திருந்தால் முனை முட்டி நிற்கும். நிற்கவில்லை. நீலக்கோடு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மனைவிக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. அவனோடு சேர்ந்து ஊசி போட்டுக்கொண்ட தன் கையையும் நீட்டுகிறாள். அதில் புளியங்கொட்டை அளவுக்குச் சிவந்த தடிப்பு. "நோய் எனக்குத்தான் சிஸ்டர். அவருக்கு ஒண்ணுமில்லல்ல?" கேட்கும்போது முகமெல்லாம் சிரிப்பு. நர்ஸ் பேனாவை மூடுகிறாள். "உங்க உடம்பு கிருமியோட மல்லுக்கு நிக்குதும்மா, அதான் தடிப்பு. அதை வச்சு நோய்னு சொல்லிட முடியாது. அவரோட சளி ரிப்போர்ட் இப்பதான் வந்துச்சு, அதுல கிருமி இருக்கு. தோல் தடிக்கிறதுக்கும் உடம்புல தெம்பு வேணும்ல?" கணவன் இருமத் தொடங்கி, முடியாமல் பாதியில் விட்டுவிடுகிறான். நடையில் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கிறீச்சிட்டபடி போகிறது. அவள் அவன் கையை மடிக்கு இழுத்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்க்கிறாள், நீல மை அழிந்த பிறகும் தேய்க்கிறாள். "கொஞ்சமாச்சும் வீங்கேன்," என்கிறாள் அந்தத் தோலிடம்.