கடைசியாகப் பார்த்தது

திரையில் அந்த வரி வந்து நின்றதும் ஆர்டிஸுக்குக் கை ஓடவில்லை.

'கடைசியாகப் பார்த்தது: மறைந்து குடிப்பவர்களுக்கு, மூன்றாம் பாகம். விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?'

ஞாயிறு ஆராதனை முடிந்து, லூத்தரன் கோயிலின் கீழ்த்தளத்தில் காப்பியும் எலுமிச்சை கேக்குமாக அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவின் டகோட்டாப் பனியில் இருபது மைல் ஓட்டி வந்தவர்களும் இருந்தார்கள். சபை நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் வீடியோக்களையும் ஒலிப்புத்தகங்களையும் நூலகர் ஆர்டிஸ் போட்டுக் காட்டுவாள் என்று போதகர் அறிவித்திருந்தார்.

இதற்காக அவள் இரண்டு வருடம் கமிட்டியோடு மல்லுக்கட்டியிருந்தாள். நான்கு அலமாரிப் புத்தகம் போதாதா, இதென்ன சினிமாக் கொட்டகையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். புத்தகம் எடுத்தால் அட்டையில் பேர் எழுத வேண்டும், அடுத்து எடுப்பவர் அதைப் படிப்பார். இதில் யார் எதைப் பார்த்தார் என்று ஒரு குருவிக்கும் தெரியாது.

இணையத்தில் சபைக்கெல்லாம் சேர்த்து ஒரே கணக்கு. அது பார்த்தவர் பேரைச் சொல்லாது. பார்த்த படத்தின் பேரைச் சொல்லிவிடும் என்பதை மட்டும் மகராசி யோசிக்கவில்லை.

அறுபது தலைகளும் டெல்மர் பக்கம் திரும்பின.

தானியக் கிடங்குக்கு எதிரே இருக்கும் மதுக்கடையில் முப்பது வருடம் பட்டப்பகலில் உட்கார்ந்து குடித்த மனிதர் அவர். எதையும் மறைத்துக் குடித்தவரில்லை என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஏழு வாரமாகத் தொடவில்லை என்று மகளிடம் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவள் பேரனை இன்று முதன்முதலாக அவர் மடியில் விட்டிருந்தாள்.

"மூணாவது பாகம் வரைக்கும் முழிச்சிருந்தியாடா, டெல்மர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

ஆர்டிஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ரிமோட்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

டெல்மர் திரையைப் பார்த்தார். பிறகு ஆர்டிஸைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

"நான்தான் பாத்தேன். ஏன், நான் படம் பாக்கக் கூடாதா?"

கூடம் பெருமூச்சு விட்டுக் கேக்குக்குத் திரும்பியது.

மகள் குழந்தையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். "ஏழு வாரம்னு சொன்னியேப்பா" என்றாள். அவ்வளவுதான். குழந்தைக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

எல்லோரும் கிளம்பும்வரை ஆர்டிஸ் சுருட்டிய வயரையே திரும்பத் திரும்பச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தன்னைப் பார்க்கவே கூசியது.

நிமிர்ந்தபோது எதிரே டெல்மர் நின்றிருந்தார்.

"அந்தக் கணக்கோட பாஸ்வேர்டை எனக்கும் எழுதிக் குடு, ஆர்டிஸ். இன்னும் யாருக்குமே குடுக்கலையே நீ."

அவளுக்குக் கண் நிறைந்தது. "நான் இப்பவே ஓடிப்போய் உன் பொண்ணுகிட்ட..."

"அவ வண்டி போயிருச்சு. நாளைக்குச் சொல்லு, வேண்டாம்னு சொல்லல." தொப்பியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். "இப்போ உன் கார் சாவியைக் குடு. முப்பது வருஷம் குடிச்சவனுக்கு அந்த வாசனை தெரியாதா? நானே ஓட்டறேன்."

காலை பதினோரு மணி. ஆர்டிஸ் சாவியைக் கொடுத்தாள்.