மங்களகரமான மஞ்சள்

"பரிசு வாங்கினா ஆர்ட் காலேஜ். இல்லேன்னா பேங்க் பரீட்சை. சம்மதமா?" என்று மகன் அஷ்வத்திடம் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் பட்டாபி அந்தக் கண்காட்சிக்கே வந்தார். பழைய இன்டர்நெட் பாணியில் இளைஞர்கள் கம்ப்யூட்டரில் செய்யும் கலைக்கு, 2009இல் டில்லியில் நடந்த போட்டி அது.

அஷ்வத்தின் படைப்பு திரையில் மின்னியது. மஞ்சள் பின்னணி, ரத்தச் சிவப்பு எழுத்து, இருபுறமும் குதிக்கும் குத்துவிளக்கு, குறுக்கே ஓடும் 'வருக வருக'. பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். பட்டாபியின் முகம் இறுகியது.

"முதல் பரிசு!" என்று இந்தியில் உருகினார் நடுவர். "அந்தக் கால ரசனைக் கேட்டை இவ்வளவு கச்சிதமாகக் கிண்டல் செய்ய ஒரு மேதையால்தான் முடியும். பேட்டா, இந்த மஞ்சளை எப்படித் துணிந்து போட்டாய்?"

அஷ்வத் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"மங்களகரமா இருக்கட்டுமேன்னுதான்!" என்று எழுந்தார் பட்டாபி. "தொண்ணூத்தெட்டுல என் பொண்ணு ரோஹிணி கல்யாணத்துக்கு, லீவு போட்டு நானே செஞ்ச இன்டர்நெட் பத்திரிகை சார் இது!"

"ஸாரிப்பா," என்று முனகினான் அஷ்வத். "நான் பண்ணினது எதுவும் இவ்வளவு நன்னா வரலே."

பட்டாபி கோப்பையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அச்சா, போகட்டும். ஆர்ட் காலேஜுக்கு நான் போறேன். நீ பேங்க் பரீட்சைக்குப் படி."