தமிழ் டிவிஷனுக்கு வந்தவள்

"இவளுக்கு இஞ்ச என்ன வேல?"

ஆர்யாவின் காதில் விழட்டும் என்றுதான் ஜோஸ்னா கேட்டாள். ஆர்யா திரும்பிப் பார்க்கவில்லை. பையை வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பாறசாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பில் ஏ, பி, சி மூன்றும் மலையாளம், டி மட்டும் தமிழ். எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் மோகனனின் மகள்தான் ஆர்யா. வீட்டில் பேச்சு முழுக்க மலையாளம். ஏழாம் வகுப்புவரை மலையாளத்தில் படித்து முதல் மார்க் வாங்கியவள், பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஏ-யை விட்டு டி-க்கு வந்திருந்தாள்.

"கலோத்ஸவப் போட்டிக்காக்கும்," என்றாள் ஜிஷா. "தமிழ்ச் செய்யுள் ஒப்புவிக்கியதுக்கு ஆளு கொறவு. பிரைஸ் கிட்டினா கிரேஸ் மார்க்கு உண்டு."

"அதானே பாத்தேன். லாபம் இல்லாம இவிய காலெடுத்து வைப்பாவளா?"

அன்று முதல் வகுப்பில் ஆர்யாவின் பெயர் 'கிரேஸ் மார்க்' ஆனது.

ஓணப் பரீட்சையில் ஆர்யா நாலு பாடத்தில் தோற்றாள். கேள்வியை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது, பாவம். அதற்கும் சிரித்தார்கள்.

சோஷியல் பாடம் எடுக்கும் சத்தியதாஸ் சார் ஒரு வேலை கொடுத்தார்.

"நம்ம ஊருல ஒரு கூட்டம் மற்றக் கூட்டத்தப் பத்தி என்ன சொல்லுது? அதுல எவ்வளவு நெசம்? யோசிச்சிட்டு வந்து தமிழ் மன்றக் கூட்டத்துல பேசணும்."

ஜோஸ்னாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மன்றத்துக்குச் சிறப்பு விருந்தினர் அவளுடைய அப்பா ஞானையன். அந்தப் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். மேடை ஏறினால் தமிழுக்கு உயிரையே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

கூட்டத்தன்று காலை, அவளோடு இரட்டையாகப் பிறந்த சஜின், கழுத்தில் டையோடு நெய்யாற்றின்கரை இங்கிலீஷ் பள்ளிக்கூட வேனில் ஏறும்போது கேலி செய்தான். "எட்டி, கை தட்டியதுக்கு அங்க நானில்லியே!"

ஆனால் கைதட்டலுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

"எங்களைப் பாண்டி என்று கேலி பேசுகிறார்கள்," என்று தொடங்கினாள் ஜோஸ்னா. "பஸ்ஸில் தமிழ் பேசினால் திரும்பிப் பார்க்கிறார்கள். எங்கள் உடுப்பைப் பார்த்தால் சிரிப்பு, எங்கள் பேச்சைக் கேட்டால் அதைவிடச் சிரிப்பு. ஒருவரைப் பார்த்ததுமே, இவர் இன்ன கூட்டம், இப்படித்தான் இருப்பார் என்று முடிவு கட்டலாமா? தலை நிமிர்ந்து சொல்கிறேன், நாங்கள் தமிழர்கள்!"

மேடையில் ஞானையனுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "எனக்க மகளாக்கும்," என்றார்.

கைதட்டல் ஜோஸ்னாவை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டது. மனப்பாடம் பண்ணாததையும் பேசினாள்.

"ஆனால் இந்த மலையாளிகள் இருக்கிறார்களே, லாபம் இல்லாமல் எதுவும் செய்ய மாட்டார்கள். எங்கள் வகுப்பிலேயே கிரேஸ் மார்க்குக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்!"

எல்லாரும் ஆர்யாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

சத்தியதாஸ் சார் சட்டென்று எழுந்தார். "ஜோஸ்னா, காரியம் தெரியாம…"

அதற்குள் ஆர்யா எழுந்துவிட்டாள். மேடையில் இருந்த ஞானையனை ஒரு தடவை பார்த்தாள்.

"வேண்டா சாரே. எனக்குத் தமிழ் இஷ்டமாக்கும். அதுனால வந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அன்று ஞானையன் ரெண்டே நிமிஷத்தில் பேச்சை முடித்துக்கொண்டார். தொண்டை கட்டிவிட்டதாம்.

அப்பாவும் மகளும் வெளியே வந்ததும் சாயாக்கடையிலிருந்து மோகனன் கூப்பிட்டார்.

"ஞானையண்ணா! மைக்குல எல்லாம் கேட்டேன். மோளு கொள்ளாம், நல்லா பேசிச்சு! நம்ம தமிழ் டிவிஷன்ல இப்படியொரு பிள்ள உண்டு எண்ணா பெருமையில்லியா? வாருங்க, சாயா குடிச்சிட்டுப் போலாம்."

எல்லாம் கேட்டிருக்கிறார். அப்படியானால் அதையும் கேட்டிருப்பார். ஜோஸ்னாவுக்கு முகம் சுட்டது. ஆனாலும் அந்த 'நம்ம' அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, ஆர்யாவுக்கு மலையாளத்துலதானே நல்ல மார்க்கு? பின்ன என்னத்துக்குத் தமிழுக்கு மாத்தினிய?"

மோகனன் ஒரு தடவை ஞானையனைப் பார்த்தார். பிறகு சாயாவை ஆற்றத் தொடங்கினார்.

"அவளுக்கு இஷ்டம் மக்களே. அவ்வளவுதான்."

ஞானையன் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனபிறகுதான் வாய் திறந்தார்.

"பள்ளிக்கூடம் தொறந்து ஆறாவது நாளு ஆபீசர் வந்து தலை எண்ணுவாருல்லா? ஒரு பிள்ள கொறவா இருந்திச்சு. கொறஞ்சா டி டிவிஷன் போச்சு. உங்களயெல்லாம் மலையாளத்துல கொண்டு இருத்தியிருப்பாவ. சத்தியதாஸ் சாரு வீடு வீடா அலைஞ்சாரு. கடைசியில மோகனனாக்கும், 'எனக்க மோள எடுத்துக்கிடுங்க சாரே, நம்ம பள்ளிக்கூடத்துல தமிழு இல்லாமப் போவண்டாம்' எண்ணு சொன்னான்."

ஜோஸ்னா அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்ப அவ நமக்காகவா அப்பா தோத்தா?"

ஞானையன் நிற்காமல் முன்னால் நடந்தார்.

"ஏம்பா, இவ்வளவு தமிழ் ஆளுவ இருக்கியோம். சாருக்கு நம்ம ஆளுவ வீட்டுல ஒரு பிள்ளகூடவா கிட்டல்ல?"

எதிரே இங்கிலீஷ் பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. சஜின் டையைத் தளர்த்திக்கொண்டே குதித்து இறங்கினான்.

"சாரு மொதல்ல வந்தது நம்ம வீட்டுக்காக்கும் மக்கா," என்றார் ஞானையன். "சஜினைக் கேட்டாரு. நான் குடுக்கல்ல."